ஏப்ரல், மே மாதங்களில் வீட்டு டேகேரை நடத்துவது எப்படி?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. சென்னையில் ஒரு வீட்டில் டேகேர் நடத்துகிறீர்கள். ஏழு குழந்தைகள்: நான்கு பேர் இரண்டரையிலிருந்து நான்கு வயதுக்குள், மூன்று பேர் ஐந்தரையிலிருந்து ஏழு வயதுக்குள். உதவிக்கு ஒரு அக்கா இருக்கிறார். பள்ளி நாட்களில் மதியத்துக்கு மேல் வரும் பெரிய பிள்ளைகள் லீவு விட்டதும் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். என்ன சமைப்பது, வெயில் காலத்தில் எப்படி விளையாட வைப்பது, வெளியே கூட்டிப் போகலாமா, பெற்றோர் சிலர் கேட்கிறபடி சம்மர் கேம்ப் மாதிரி ஏதாவது செய்யலாமா என்பதுதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேம்ப் வேண்டாம். தினமும் ஒரு புது நிகழ்ச்சி என்று வைத்துக்கொண்டால், இருக்கிற இரண்டு பெரியவர்களின் கவனமும் அந்த ஏற்பாட்டிலேயே போய்விடும். கோடையில் கவனம் இருக்க வேண்டிய இடங்கள் வேறு: யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள், சமைத்தது எத்தனை மணி நேரமாக வெளியே இருக்கிறது, யார் சரியாகத் தூங்கவில்லை. ஒரே மாதிரி நாளை வெயிலுக்கு ஏற்றபடி அடுக்கி, அதையே ஆறு வாரமும் ஓட்டுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு நேற்று விளையாடிய தண்ணீர்த் தொட்டி இன்றும் வேண்டும். அதில் அதற்குச் சலிப்பே வராது.

நாளின் அடுக்கு இப்படி இருக்கலாம். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை நிழலில் வெளி விளையாட்டு. பத்து மணிக்குப் பழம், பிறகு அரை மணி நேரம் தண்ணீர் விளையாட்டு. பதினொன்றுக்கு எல்லாரும் உள்ளே. பதினொன்றே முக்காலுக்குச் சாப்பாடு. பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை தூக்கம். மூன்று மணிக்கு மோர், நான்கு மணிக்குப் பலகாரம், ஐந்து மணிக்கு மேல் மறுபடி வெளியே. சாப்பாட்டை ஒரு மணிக்குத் தள்ளாதீர்கள். அந்த நேரத்தில் சூட்டிலும் களைப்பிலும் பிள்ளைகள் இரண்டு வாய் வாங்கிவிட்டு அழ ஆரம்பிப்பார்கள், தூக்கமும் கெடும்.

சென்னையில் கடல்காற்றையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மதியத்தை ஒட்டி அது உள்ளே வந்துவிட்டால் மாலை தாங்கக்கூடியதாக இருக்கும். மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடல்காற்று தாமதமாகும், வெயிலும் ஏறிக்கொண்டே போகும். கத்திரி வெயில் நாட்களில், அதாவது மே முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை, இது அடிக்கடி நடக்கும். அதனால் ஐந்து மணி என்று கடிகாரத்தைப் பார்த்து மட்டும் கிளம்பாதீர்கள். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் குழந்தையின் பாதமும் தாங்காது. பூங்காவில் இருக்கும் இரும்புச் சறுக்குமரம், ஊஞ்சல் சங்கிலி, கறுப்பு ரப்பர் தரை எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். மொட்டை மாடி காலையில் ஒன்பதரை வரை சரி. மாலையில் ஆறு மணிக்கு முன் வேண்டாம், ஏனென்றால் பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தளம் அப்போதுதான் வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

இனி சமையல். ஏழு பேருக்கு மதியத்துக்கு இரண்டு ஆழாக்கு அரிசி, கிட்டத்தட்ட 300 கிராம், போதும். சின்னவர்களுக்கு ஆளுக்கு 30 கிராம் அரிசி, பெரிய பிள்ளைகளுக்கு 50 முதல் 60 கிராம் என்பது கணக்கு. பருப்பு 100 கிராம், தயிர் அரை லிட்டர். கோடையில் சோறு மிஞ்சினால் இரவுக்கு வைக்க முடியாது, அதனால் கூடுதலாக வடிக்காதீர்கள். பிள்ளைகள் குறைவாகச் சாப்பிட்டால் பயப்படவும் வேண்டாம். வெயிலில் பசி குறையும், பத்து மணிப் பழமும் நான்கு மணிப் பலகாரமும் அதை ஈடுகட்டும்.

காய்களில் நீர்க்காய்கள்தான் இந்த இரண்டு மாதத்துக்கும்: சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளைப் பூசணி, சௌசௌ, வெள்ளரி. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டாக வைத்தால் சோற்றோடு பிசைந்து ஊட்டச் சுலபம். ஒரு வாரத்துக்கு இப்படி ஓட்டலாம்: திங்கள் பருப்பு சாதம், சுரைக்காய்க் கூட்டு. செவ்வாய் தக்காளி ரசம், முழுக்க வெந்த முட்டை, பீர்க்கங்காய்ப் பொரியல். புதன் பூசணிக்காய் மோர்க்குழம்பு, கேரட் துருவல். வியாழன் கீரை மசியல். வெள்ளி தயிர் சாதம், உருளைக்கிழங்கு. எல்லா நாளும் கடைசியில் இரண்டு வாய் மோர் சாதம். கறி, மீன் வேண்டாம் என்பது என் கருத்து. உடம்புக்குச் சூடு என்பதால் இல்லை. வாங்கிய நிமிடத்திலிருந்து சமைக்கும் வரை குளிரில் வைக்க வேண்டியிருக்கிறது, மின்சாரம் போகிற மாதம் வேறு, வீட்டுக்கு வீடு சாப்பாட்டுப் பழக்கமும் மாறும். அதைப் பெற்றோர் பொறுப்பில் விட்டுவிடலாம்.

தேங்காய் அரைத்த எதுவும்தான் முதலில் கெடும். கூட்டில் தேங்காய் சேர்த்தால் ஒரு கொதி விட்டு இறக்குங்கள். பச்சைத் தேங்காய்ச் சட்னியை அரைத்த ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பொதுவான கணக்கு இது: சமைத்த உணவு அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம் இருக்கலாம், வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சென்னை மே மாதத்தில் உங்கள் சமையலறை காலை பத்து மணிக்கே அந்த அளவைத் தாண்டியிருக்கும். காலை எட்டுக்கு வடித்த சோற்றை மதியம் போடும் பழக்கம் இருந்தால் இந்த இரண்டு மாதமாவது மாற்றிக்கொள்ளுங்கள். வெந்த சோற்றில் உயிரோடு தங்கும் ஒருவகைக் கிருமி வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பழைய சோறும் நீச்சத்தண்ணியும் நல்ல உணவுதான். ஆனால் அவரவர் வீட்டில் அவரவர் பிள்ளைக்குக் கொடுப்பது வேறு, ஏழு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பானையிலிருந்து கொடுப்பது வேறு. டேகேரில் அதைத் தவிர்க்கச் சொல்வேன்.

தயிர் சாதம் இரண்டு இடத்தில் கெடும்: சூட்டோடு தயிரை ஊற்றும்போது திரிந்து தண்ணி விடும், சூட்டோடு மூடும்போது வேர்த்துப் புளிக்கும். ஒரு ஆழாக்கு அரிசிக்கு நாலு ஆழாக்குத் தண்ணீர் வைத்துக் குழைய வேகவிடுங்கள். சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பால் ஒரு டம்ளர் சேர்த்துக் கிளறி, தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்த பிறகு உறைந்த தயிர் இரண்டு குழிக்கரண்டி, உப்பு. தாளிப்பில் கடுகும் பெருங்காயமும் போதும், மிளகாய் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும் என்பதால் முதலில் நெகிழ்வாகவே இருக்கட்டும். உடனே சாப்பிடப் போகிறார்கள் என்றால் பாலைக் குறைத்துத் தயிரைக் கூட்டலாம்.

காலைக்கு இட்லி கொடுக்கிறீர்கள் என்றால் மாவைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் பத்து மணி நேரம் பொங்குவது இப்போது ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு ஒன்பதுக்குக் கரைத்து வெளியே வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் புளித்திருக்கும், சின்னவர்கள் வாயில் வாங்க மாட்டார்கள். மாலையிலேயே கரைத்து, பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், விடிந்ததும் வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். மாற்றாகக் கேழ்வரகுக் கஞ்சி: ஆளுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி மாவு, முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு முக்கால் டம்ளர் தண்ணீரில் ஏழெட்டு நிமிடம் கைவிடாமல் கிளறி, பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவைத்து மோர் ஊற்றுங்கள். வெந்நீரில் மாவைக் கொட்டினால் கட்டி விழும். சீக்கிரம் இறக்கினால் பச்சை வாடை அடிக்கும், வயிறும் உப்பும்.

தண்ணீர் விஷயத்தில் "தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள். விளையாட்டில் இருக்கிற பிள்ளை வேண்டாம் என்றுதான் சொல்லும். மணிக்கு ஒரு முறை எல்லாரையும் உட்கார வைத்துக் கொடுங்கள். சின்னவர்களுக்கு 100 மில்லி, பெரியவர்களுக்கு 150 முதல் 200 மில்லி. ஆளுக்கொரு டம்ளர், அதில் பெயர். பெயர் படிக்கத் தெரியாதவர்களுக்கு நிற நூல் கட்டிவிடலாம். போதுமா இல்லையா என்பதைச் சிறுநீர் சொல்லும்: இளமஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளாக இருந்தால் குறைகிறது, ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை என்றால் பெற்றோரையும் மருத்துவரையும் கூப்பிட வேண்டிய நிலை. பிற்பாடு கைக்குழந்தை யாரையாவது சேர்த்துக்கொண்டால் ஒன்றை மறக்காதீர்கள்: ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு எந்த வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பாலை அடிக்கடி கொடுத்தாலே போதும். பாட்டிமார் வற்புறுத்துவார்கள், பணிவாக மறுத்துவிடுங்கள்.

மண்பானை வைப்பது நல்லது. கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, அடியில் ஈர மணல் தட்டு வைத்து, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். நீண்ட பிடி வைத்த அகப்பையால்தான் மொள்ள வேண்டும், டம்ளரோடு கை உள்ளே போகக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை உள்ளே தேங்காய் நாரால் தேய்த்து, சோப்பு போடாமல் கழுவிக் காயவிடுங்கள். சோப்பை மண் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு தண்ணீரில் அந்த வாடை வரும்.

மூன்று மணி நீர்மோருக்கு ஒரு பங்கு தயிர், நாலு பங்கு தண்ணீர், கொஞ்சம் உப்பு, இஞ்சிச் சாறு, பெருங்காயம். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடாமல் அரைத்து வடிகட்டிச் சேருங்கள், சின்னவர்கள் தொண்டையில் இலை ஒட்டிக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாள் பானகம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 முதல் 100 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டி, ஒரு எலுமிச்சை, சிட்டிகை சுக்கு, ஏலக்காய். பாக்கெட் ஜூஸும் கலர் பொடியும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

பழங்களில் தர்பூசணியை முழுதாக வாங்குங்கள். தெருவில் வெட்டி வைத்ததை வாங்க வேண்டாம். தோலைக் கழுவிய பிறகுதான் கத்தியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும். சின்னவர்களுக்கு விதை எடுத்துவிடுங்கள். மாம்பழத்தைக் காம்போடு ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து, காம்புப் பக்கம் ஒரு வட்டம் வெட்டி எறிந்துவிட்டுத் தோல் சீவிக் கொடுங்கள். வாயைச் சுற்றிச் சிவந்து தடிப்பது பெரும்பாலும் அந்தப் பாலால்தான். மே கடைசி வரை பொறுத்திருந்து வாங்கினால் பழம் இயல்பாகப் பழுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏப்ரல் தொடக்கத்திலேயே ஒரே சீராக மஞ்சளாக இருந்து, காம்பில் மணமே இல்லாமல், உள்ளே புளிக்கிற பழத்தைச் சந்தேகப்படுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது.

நுங்கு தனியாகப் பேச வேண்டிய பொருள். இளசாக வாங்குங்கள், விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும். கெட்டியாகிக் கடுக்காய் ஆனதைத் தின்றால் வயிறு வலிக்கும். மேல்தோலை முழுக்க உரிக்கத் தேவையில்லை, துவர்ப்பு பிடிக்காத பிள்ளைக்கு உரித்துக் கொடுங்கள். ஆனால் நான்கு வயதுக்குக் கீழ் யாருக்கும் முழு நுங்கைக் கையில் கொடுக்காதீர்கள். வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையை அடைத்துவிடும். மசித்துப் பாலில் கலந்து கரண்டியால் ஊட்டுங்கள். முழுத் திராட்சை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், கப்பில் வரும் ஜெல்லி எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் அது இன்னும் தொண்டை அளவு வட்டம்தான். ஓடிக்கொண்டே தின்பதும் கூடாது, எதுவாக இருந்தாலும் உட்கார்ந்துதான்.

குச்சி ஐஸ் வீட்டிலேயே செய்யலாம். மாம்பழக் கூழ் இரண்டு பங்கு, தயிர் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு கரண்டி, அச்சில் ஊற்றி ஆறு மணி நேரம். வெறும் தர்பூசணிச் சாற்றை ஊற்றினால் கல் மாதிரி இறுகும், ஏனென்றால் அதில் இனிப்பும் கூழும் குறைவு, தண்ணீர் பெரிய பெரிய படிகமாக உறைகிறது. ஒரு வாழைப்பழம் அடித்துச் சேர்த்தால் மெத்தென்று வரும். அச்சிலிருந்து எடுத்ததும் கொடுக்காமல் இரண்டு நிமிடம் வெளியே வைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் ஒட்டும். மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்குக் குச்சி வேண்டாம், கிண்ணத்தில் கரண்டியோடு.

இப்போது தண்ணீர் விளையாட்டு. பிள்ளைகள் அதிகம் விரும்புவதும் இதுதான், இந்தப் பதிலில் நான் சொல்கிற எல்லாவற்றிலும் ஆபத்து அதிகம் உள்ளதும் இதுதான். இரண்டு மூன்று வயதுக் குழந்தை முகம் குப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே போதும் மூழ்குவதற்கு. சத்தமும் வராது. வாளிக்குள் தலைகீழாக விழுந்த குழந்தையால் தானாக எழ முடியாது, அதன் உடம்பில் தலைதான் கனம். ஆகவே அகலமான, ஆழமில்லாத பிளாஸ்டிக் பேசின், இரண்டு விரல் உயரம் தண்ணீர். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பேசின். ஒரு பெரியவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் போன் இருக்கக் கூடாது. காலிங்பெல் அடித்தால் இன்னொருவர் போக வேண்டும். அந்த இன்னொருவர் கடைக்குப் போயிருக்கிற நாளில் தண்ணீர் விளையாட்டே கிடையாது. முடிந்த கணமே பேசினைக் கவிழ்த்துவிடுங்கள், டவல் எடுத்து வந்த பிறகு அல்ல.

கூடவே வீட்டையும் ஒரு சுற்று பாருங்கள். சம்ப் மூடிக்குப் பூட்டு, குளியலறைக்கு வெளியே உயரத்தில் தாழ்ப்பாள், தண்ணீர் வராத நாளுக்கு நிரப்பி வைத்த டிரம்களுக்கு இறுக்கமான மூடி. சென்னைக் கோடையில் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் இருக்க முடியாது, அதனால் மூடி வைப்பதில் தளர்ச்சி கூடாது. டெங்கு கொசு முட்டையிடுவதும் இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், வாரத்துக்கு ஒரு நாள் எல்லாப் பாத்திரங்களையும் காலி செய்து தேய்த்துக் காயவிட்டால் அந்தச் சுற்று அறுபடும். பொம்மை லாரி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு ஆகியவற்றையும் சேர்த்து.

பேசினில் போட விலையுள்ள பொம்மை வேண்டாம். டீ வடிகட்டி, புனல், பல அளவு டம்ளர், ஸ்பாஞ்சு, துளை போட்ட பாட்டில். சின்னவர்கள் ஊற்றி ஊற்றிப் பார்ப்பார்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: எது மிதக்கும், எது முழுகும் என்று முதலில் சொல்லிவிட்டுப் போட்டுப் பார்ப்பது. ஆரஞ்சு முழுதாகப் போட்டால் மிதக்கும், தோல் உரித்துப் போட்டால் முழுகும். அதற்குக் காரணம் கேட்டால் தோலில் இருக்கும் காற்று என்று அவர்களே கொஞ்ச நாளில் சொல்வார்கள். டைல்ஸ் தரையில் செய்யாதீர்கள், வழுக்கும். சொரசொரப்பான சிமெண்டுத் தரை அல்லது மண் தரை நல்லது.

உள்ளே இருக்கும் பதினொன்றிலிருந்து பதினொன்றே முக்கால் வரையும், தூக்கத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஐந்து வரையும்தான் சண்டை நேரம். வயது கலந்திருப்பதுதான் காரணம். பெரியவர்கள் கட்டியதைச் சின்னவர்கள் தள்ளிவிடுவார்கள். இதற்குச் சமாதானம் பேசிப் பயனில்லை, நேரத்தைப் பிரித்துவிடுங்கள். சின்னவர்கள் தூங்கும் இரண்டு மணி நேரத்தில் பெரிய பிள்ளைகள் முதல் அரை மணி படுத்திருக்கட்டும், தூங்காவிட்டாலும் பரவாயில்லை. பிறகு கூடத்தில் சத்தமில்லாமல் பல்லாங்குழி, தாயம், சொட்டாங்கல், பாசி கோப்பது. பல்லாங்குழிக்குப் பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்று ஆரம்பித்தால் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூட்டல் தானாக வரும். சின்னவர்கள் எழுவதற்குப் பத்து நிமிடம் முன்பே முத்துகளை எண்ணி டப்பாவில் போட்டு மூட வேண்டும், அந்த எண்ணும் பொறுப்பைப் பெரிய பிள்ளைகளில் ஒருவரிடமே கொடுங்கள். ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்கும் வரை சின்னவர்களை அந்த இடத்துக்கு விடக் கூடாது. நாலரை சென்டிமீட்டருக்குக் குறைவான உருண்டைப் பொருள் எதுவும் மூன்று வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ரிமோட், பாடும் பொம்மை இவற்றில் இருக்கும் பட்டன் பேட்டரி இன்னும் மோசம், விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைப் பொத்துவிடத் தொடங்கும். மூடியில் திருகாணி இல்லாத பொம்மையை வாங்கவே வேண்டாம்.

எல்லாரும் சேர்ந்து ஆட 'ஒருகுடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்தது' பாட்டு விளையாட்டு, கண்ணாமூச்சி, குலைகுலையா முந்திரிக்கா. கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்துக்கு ஒரு தாம்பாளம் ஈர மணலும் ஒரு குச்சியும் போதும். மணலை வாரத்துக்கு ஒரு முறை சலித்து வெயிலில் காயவையுங்கள், பூனை தொடாதபடி மூடுங்கள். மாவு உருண்டை பிடித்து விளையாட, சின்னவர்களுக்கு வெறும் சப்பாத்தி மாவு, அன்றே தூக்கி எறிந்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு டம்ளர் மைதா, அரை டம்ளர் உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய், தேவையான தண்ணீர். கோடையில் வெளியே வைத்தால் பிசுபிசுக்கும், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரும். உப்பு அதிகம் என்பதால் வாயில் வைக்கிற வயதுக்கு அது கூடாது.

நுங்கு தின்றதற்கு மறுநாள் நுங்கு வண்டி. ஒரே அளவுள்ள இரண்டு காய் மட்டைகளைக் கேட்டு வாங்கி வாருங்கள். நடுவில் துளை போட்டு ஒரு சாண் குச்சியை இரண்டிலும் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவட்டையாகப் பிரிந்த நீளக் குச்சியின் கவட்டையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ள வேண்டும். துளை போடுவது உங்கள் வேலை. சக்கரம் கோணிக்கொண்டு போனால் துளை நடுவில் விழவில்லை என்று அர்த்தம். மட்டை இரண்டு மூன்று நாளில் சுருங்கிக் குச்சி கழன்றுவிடும், ஈயும் மொய்க்கும், அப்போது எறிந்துவிடுங்கள். கவட்டைக் குச்சியின் மேல்முனை பிள்ளையின் மார்பு உயரத்தில் இருக்கட்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் குனியும்போது முகத்தில் குத்தும்.

வெளியே போவதற்கு வாரத்தில் இரண்டு மாலை போதும், அதில் ஒன்று நடந்து போகக்கூடிய மாநகராட்சிப் பூங்காவாகவே இருக்கட்டும். போக இருபது நிமிடம், அங்கே ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஏழு பேருக்கு இரண்டு பேர் என்பது பூங்காவுக்கே கடைசி வரம்பு. கடற்கரைக்கோ பேருந்துக்கோ மூன்றாவதாக ஒரு பெரியவர் வேண்டும், பெற்றோரில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இடம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் எழுதிப் பெற்றோரின் சம்மதத்தை வாங்கி வையுங்கள். கிளம்பும்போது எல்லாரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ. யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பது தேட வேண்டிய நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது. மணிக்கட்டில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரை பிடித்தமான இடம்தான். கிழக்குப் பார்த்த கரை என்பதால் மாலையில் வெயில் முதுகுப் பக்கம் ஊருக்குள் இறங்கும், ஆனால் மணல் ஐந்தேகால் வரை சுடும். செருப்பைக் கழற்ற விடாதீர்கள், கண்ணாடித் துண்டு இருக்கும். தண்ணீரில் கால் நனைப்பது கூட வேண்டாம். இந்தக் கரையில் அலை திரும்பும்போது காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும், பெரியவர்களே விழுகிறார்கள். அலை தொடும் இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று மணல் வீடு கட்ட உட்கார வையுங்கள். சுண்டலை வீட்டிலேயே செய்து எடுத்துப் போங்கள். ஊறவைத்த கடலை கோடையில் எட்டு மணி நேரத்தில் புளிப்பு வாடை பிடிக்கும், நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றுங்கள். சின்னவர்களுக்கு மசித்து.

பெரிய பிள்ளைகள் மூவருக்கு மட்டும் ஒரு காலை நேரம் ஒதுக்க முடிந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு. குளுகுளுவென்று இருக்கும், ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவார்கள். கிண்டி சிறுவர் பூங்காவும் நல்ல நிழல் உள்ளது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவைக் கோடையில் விட்டுவிடுங்கள், நடை தூரம் சின்னக் கால்களுக்கு அதிகம். ஐந்து வயது வரை அரசுப் பேருந்தில் டிக்கெட் கிடையாது, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கிடையாது. ஆகவே கூட்டமில்லாத நேரத்தில் நாலு நிறுத்தம் போய்த் திரும்புவதே ஒரு உலா ஆகிவிடும். ஆட்டோ என்றால் இரண்டு வண்டி, வண்டிக்கு ஒரு பெரியவராவது. காரில் போனால், இறங்கும்போது தலையை எண்ணிவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

பையில் ஆளுக்கு 300 மில்லி தண்ணீரும் பொதுவில் இரண்டு லிட்டரும், மாற்று உடை, ஈரத் துண்டு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஓ.ஆர்.எஸ். என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொடி பாக்கெட். பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவிலேயே முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொடி பாதித் தண்ணீர் என்று கண் அளவில் செய்தால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். கரைத்தது 24 மணி நேரம்தான். அட்டைப் பெட்டியில் இனிப்பாக வரும் பானங்கள் இதற்கு ஈடாகாது. வயிற்றுப்போக்கு வந்தால் ஒவ்வொரு முறைக்கும் இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஒவ்வொரு கரண்டியாக.

வெயில் தாக்கினால் முதலில் தெரிவது முகம் சிவப்பது, தலைவலி, குமட்டல், விளையாட்டிலிருந்து தானாக ஒதுங்கி உட்காருவது. உடனே நிழலுக்குக் கொண்டு வந்து சட்டையைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்து விசிறுங்கள். நினைவு நன்றாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள். உளறினாலோ, கூப்பிட்டால் பதில் இல்லையென்றாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பு 40 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108க்குப் போன் செய்யுங்கள், வண்டி வரும் வரை நனைப்பதை நிறுத்தக் கூடாது. பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

வேர்க்குருவுக்கு மதியத் தூக்கத்துக்கு முன் ஒரு குளியல், மெல்லிய பருத்தித் துணி, காற்றோட்டம் இவை போதும். பவுடரைத் தூவாதீர்கள், மூச்சில் போகும். கொப்புளம் தெரிந்த குழந்தையை, அம்மை என்று சந்தேகம் வந்த நிமிடமே தனி அறையில் வைத்துப் பெற்றோரை அழையுங்கள். கொப்புளங்கள் எல்லாம் பொருக்கு கட்டும் வரை, அதாவது சுமார் ஒரு வாரம், அந்தக் குழந்தை வரக் கூடாது. இந்த விதியை, குழந்தையை டேகேரில் சேர்க்கும்போதே, கண்ணோய்க்கும் வயிற்றுப்போக்குக்கும் சேர்த்து, எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாளில் வேலைக்குப் போகிற பெற்றோரிடம் அன்று காலையில் இதைப் பேசுவது இரண்டு பக்கமும் கஷ்டம்.